அஸருக்கு மூடும் கடை

"வீட்டுல யாருக்கு மவுத், ஷேக்கு?"

பிற்பகல் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த ஷேக் அலாவுதீன் நிமிர்ந்தார். கேட்டது ஹனீபா. பக்கத்துத் தெருவில் வெளிநாட்டுப் பணம் மாற்றும் கடை வைத்திருப்பவர், வாலிபத்திலிருந்தே சிநேகிதர். ஆனால் அவர் ஒரு கேள்வி கேட்டால், பதில் கிடைப்பதற்கு முன்பே அந்தக் கேள்வி ஜார்ஜ் டவுன் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும்.

"என்னா பேச்சு இது? அஸர் தொழுத வாய் இன்னும் காயல."

"கோபப்படாதலா. உன் கடைக் கதவு தரை வரைக்கும் இறங்கிக் கிடக்குது. கண்ணால பார்த்துட்டு வர்றேன். அதான் மனசு கேக்காமக் கேட்டேன்."

ஹனீபா கேட்டதில் குற்றமில்லை. அந்தத் தெருவில், சோற்றில் குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டார் கடைக்குக் கதவு முழுசாக இறங்கினால் அது மவுத் வீடு, சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். பெருநாளைக்குக்கூடப் பாதிதான் இறக்குவார்கள்; உள்ளே ஒரு விளக்கு எரியும். ஷேக்கின் அத்தா துறைமுகக் கூலிகளுக்குத் தோள் தடியில் சோற்றுக் கூடையும் குழம்புச் சட்டியும் சுமந்து விற்றவர். அவர் காலத்துக்குப் பிறகு கடையாகி, கடை இரவும் பகலும் திறந்திருக்கிற கடையாகி, 'அங்கே போனால் எந்நேரமும் சோறு உண்டு' என்பதுதான் அந்தக் குடும்பத்தின் பெயராக நின்றது. கப்பலில் வந்தவன், ஆஸ்பத்திரியில் நோயாளியை விட்டுவிட்டு வந்தவன், பெண்டாட்டியோடு சண்டை போட்டவன், எல்லாரும் அந்தச் சோற்றைத் தின்றிருக்கிறார்கள்.

போன வாரம், கடையை இப்போது நடத்துகிற இக்மல் ஏதோ சொன்னான்தான். "கடை நேரத்தைக் குறைக்கப்போறேன் அத்தா." நாற்பதைத் தாண்டிய மகன் அலுப்பில் சொல்கிறான் என்று ஷேக் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மலைப் பக்கம் மேகம் கறுத்திருந்தது. மழைக்கு முந்திய புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டியது. அவர் முதுகை வளைக்காமல், வேகத்தையும் கூட்டாமல், யாரும் பார்த்தால் உலாவப் போகிறார் என்று நினைக்கும்படி நடந்தார்.

கதவு இறங்கித்தான் இருந்தது. கடை முன்னால் அஞ்சடி நடைபாதையில் தலைமைச் சமையல்காரர் சுலைமான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துணியில் சமையல் எண்ணெயை நனைத்துக் கதவு ஓடுகிற இரும்புப் பள்ளத்தில் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னா சுலைமான் இது?"

"இறங்கிடுச்சு முதலாளி. நாளைக்கு ஏறணும்ல? பழக்கமில்லாத கதவு, அடம் பிடிக்குது."

"சோறு?"

"தீர்ந்துடுச்சு."

"தீர்ந்தா இன்னொரு பானை வைக்க உனக்குக் கை இல்லையா?"

"கை இருக்கு. சின்ன முதலாளிதான் வேணாம்னுட்டார். இனிமே தினம் அஸரோட சரியாம். திங்கக்கிழமை முழுசா லீவாம்."

"அவன் எங்க?"

"வீட்டுக்குப் போனார்."

"வீட்டுக்கா? வெயில் இருக்கும்போதா?"

"எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. உடம்புக்கு என்னா தம்பின்னு கேட்டேன். சிரிக்கிறார்."

சிரித்தான் என்பது ஷேக்குக்குப் பிடிக்கவில்லை. நஷ்டப்பட்டவன் சிரிக்க மாட்டான். எதையோ மறைக்கிறவன்தான் சிரிப்பான். அவர் குரலைத் தாழ்த்தினார். "பயப்படாம சொல்லு. கடையைக் கேட்டு எவனாவது வந்தானா? கோட்டுப் போட்டவன், கம்பெனிக்காரன்?"

"கோட்டுப் போட்டவன் ஒருத்தன் வந்தான் முதலாளி."

"ஆங்?"

"மீன் சினை ரெண்டு துண்டு, வெண்டிக்காய், குழம்பை நல்லா ஊத்தச் சொல்லித் தின்னுட்டு, கோட்டுல கறையாக்கிக்கிட்டுப் போயிட்டான். அவ்வளவுதான்."

ஷேக் சுலைமானை ஒரு தடவை முறைத்துவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்குப் போனார்.

கெலுகோரில், மகன் குடும்பத்தோடு அவர் இருக்கிற வீடு. அவர் உள்ளே நுழைந்தபோது இக்மல் சாப்பாட்டு மேசையில் மகள் அதிராவோடு குனிந்திருந்தான். மேசை முழுக்கச் சின்னச் சின்ன அட்டைத் துண்டுகள். துண்டுகளைச் சேர்த்தால் ஒரு கப்பல் படம் வருமாம். மசாலா ஏறி மஞ்சளாகிப்போன அவன் விரல்கள், ஒரே வீச்சில் நாலு குழம்பையும் அளவாக அள்ளிச் சோற்றில் ஊற்றுகிற விரல்கள், இப்போது ஒரு துண்டு வானத்தைப் பிடித்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தடுமாறிக்கொண்டிருந்தன.

"வெளிய வா," என்றார் ஷேக்.

காடிக் கொட்டகையில், இக்மலின் வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் நின்றார்கள். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"யார்கிட்டயாவது மாட்டிக்கிட்டியா?"

"இல்ல அத்தா."

"சூதாட்டமா?"

"எனக்குச் சீட்டே பிடிக்கத் தெரியாது."

"வேற பொம்பளையா?"

"மெதுவாப் பேசுங்க. ஷாஹிரா உள்ள இருக்கா."

"அப்போ இருக்கா?"

"யா அல்லாஹ். இல்லத்தா! யாரும் இல்ல, ஒண்ணும் இல்ல. கடை நல்லாத்தான் ஓடுது. எனக்கு இவ்வளவு போதும்."

"போதுமா? போதும்னு சொல்ற வயசா உனக்கு? உன் பாட்டன் அப்படிச் சொல்லியிருந்தா நீ இன்னிக்கு எங்க நிப்ப?"

இக்மல் மழைக்குக் கையை நீட்டினான். "நோன்பு முடிஞ்ச பிறகு ஒருநாள், அதிராவ ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரச் சொன்னா ஷாஹிரா. கேட்டுக்கு வெளிய நிக்கிறேன். கண்ணாடி போட்ட ஒரு பிள்ளை வந்து என் கையைப் பிடிக்குது. நான் கையை உருவிக்கிட்டேன் அத்தா. வேற யாரோ பிள்ளைன்னு."

"சரி."

"அவ கண்ணாடி போட்டது நோன்புக்கு முன்னயாம். ஒரே வீட்டுல இருக்கோம். நான் வரும்போது தூங்குறா, நான் எழுந்திரிக்கும்போது ஸ்கூலுக்குப் போயிடுறா. எனக்குத் தெரியவே தெரியாது."

"அதுக்கு?"

"அதுக்குத்தான்."

ஷேக் மகனின் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். கூட்டத்தில் பொய் சொல்லும் வேலைக்காரனைக் கண்டுபிடிக்கிற கண் அவருக்கு. மகன் முகத்தில் அகப்பட எதுவும் இல்லை. அதுதான் அவர் சந்தேகத்தை இரட்டித்தது. கண்ணாடிக்காக ஒருத்தன் கடையை மூடுவானா? எவனிடம் சொன்னால் நம்புவான்? இது சொல்லிக்கொடுத்த காரணம். உண்மையான காரணம் வேறெங்கோ இருக்கிறது.

நாலைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், அடுப்படியில் ஷாஹிரா கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள். ஷேக் வாசற்படியில் நின்று தொண்டையைக் கனைத்தார்.

"உனக்குத் தெரியாமலா இருக்கும்? சொல்லும்மா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"எனக்கும் முதல்ல சந்தேகந்தான் மாமா," என்றாள் அவள், அடுப்பிலிருந்து திரும்பாமல். "அவங்க குளிக்கப் போனப்ப ஃபோன எடுத்துப் பார்த்தேன்."

"என்னா இருந்துச்சு?"

"மீன் எப்படி ஊறப்போடுறதுன்னு வீடியோ. அப்புறம் அந்தக் கப்பல் படம். வேற ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல. அதான் எனக்கு இன்னும் பயமா இருந்துச்சு." சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். "இப்போ பயமில்ல மாமா. இப்போல்லாம் சாப்பிடும்போது பேசுறாங்க. இதுல உப்பு கூடன்னு சொல்றாங்க. கல்யாணமாகி இத்தனை வருசத்துல என் சமையல்ல உப்பு கூடன்னு இப்பத்தான் அவங்களுக்குத் தெரியுது."

மருமகளும் கூட்டு என்று ஷேக் முடிவு செய்தார்.

திங்கட்கிழமை காலையில் இக்மல் வெளியே கிளம்பியதும் அவரும் கிளம்பினார். வாடகைக் காடி ஓட்டுநரிடம் "முன்னால போற வெள்ளைக் காடி பின்னாலேயே போ தம்பி, ரொம்பக் கிட்டப் போயிடாதே" என்றார். அந்தச் சீனப் பையன் கண்ணாடியில் அவர் தொப்பியையும் வெள்ளை ஜிப்பாவையும் பார்த்து, "அங்கிள் போலீஸா?" என்று மலாயில் கேட்டான். "தகப்பன்" என்றார் அவர்.

இக்மல் பசாருக்குப் போனான். ஒரு மீன்காரியிடம் நின்று அரட்டை அடித்தான். இவளா என்று பார்த்தால் அவளுக்கு இவன் தாயார் வயது. கடைக்கு மீன் வாங்கும்போது பெட்டி பெட்டியாகக் கைகாட்டிவிட்டு ஓடுகிறவன், இன்று ஒரே ஒரு கெளுத்தியை எடுத்து, செவுளைத் திறந்து பார்த்து, வைத்து, வேறொன்றை எடுத்தான். பிறகு வெல்ட் கீ படகுத்துறைப் பக்கம் காடியை நிறுத்திவிட்டு, நிழலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தான்.

ஷேக் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார். ஆள் வரப்போகிறான், அல்லது வரப்போகிறாள்.

எதிர்க்கரை பட்டர்வொர்த்திலிருந்து படகு வந்தது. ஜனங்கள் இறங்கினார்கள். ஒருவரும் இக்மலைத் தேடி வரவில்லை. படகு திரும்பிப் போனது. இக்மல் ஒரு பொட்டலத்தைப் பிரித்து அவல் உருண்டையோ என்னவோ ஒன்றைத் தின்றான். மறுபடியும் படகு வந்தது. வெயில் ஏறி ஷேக்கின் காலில் விழுந்தது. கால் மரத்துப்போயிற்று. அங்கே இக்மல் காலை நீட்டினான். நன்றாக வாயைத் திறந்து கொட்டாவி விட்டான். கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான்.

சும்மா இருந்தான்! தப்புத் தண்டா செய்தாலாவது கையும் களவுமாகப் பிடித்து நாலு வார்த்தை கேட்கலாம். சும்மா இருப்பவனை எப்படிப் பிடிப்பது? எங்கே போய்ச் சொல்வது, என் மகன் கடற்கரையில் கொட்டாவி விடுகிறான் என்றா?

ஆனால் ஊருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஷேக் கொடுக்காததால் ஊரே தயாரித்துக்கொண்டது. அடுத்த நாள் அஸருக்குப் பிறகு, பள்ளிவாசல் தாழ்வாரத்தில் நாலைந்து பேர் இருக்கும்போதே ஹனீபா ஆரம்பித்தார்.

"கடை முழுகிடுச்சாமே ஷேக்கு?"

"எவன் சொன்னான்?"

"புக்கிட் மெர்தாஜாம்ல இருந்து என் மச்சான் ஃபோன் பண்ணிக் கேக்கிறான். எனக்கென்னா தெரியும்? கம்பெனிக்காரங்களுக்கு வித்தாச்சுன்றான். இன்னொருத்தன், உன் மகன் சோம்பேறியாயிட்டான்றான். பகல்ல துறைமுகத்துல உட்கார்ந்து காத்து வாங்குறானாம்."

சோம்பேறி என்ற சொல் ஷேக்கைச் சுட்டது. விற்றுவிட்டான் என்றால் மறுக்கலாம். முழுகிவிட்டது என்றால் கணக்குப் புத்தகத்தைக் காட்டலாம். சோம்பேறி மகன் என்ற பெயர் மட்டும் ஒட்டினால் போகாது. பேத்தி நிக்காஹ் வரைக்கும் பின்னாலேயே வரும். கூடி நின்றவர்களின் முகங்களைப் பார்த்தார். எல்லாரும் அவர் கடையில் தின்றவர்கள்.

"எனக்குத்தான் உடம்பு சரியில்ல," என்றார்.

அவருக்கே தெரியாமல் கை நெஞ்சில் போய் உட்கார்ந்தது.

"நெஞ்சுல. வெளிய சொல்ல வேணாம்னு இருந்தேன். மகன்தான் கேக்க மாட்டேன்றான். அத்தாவைப் பக்கத்துல இருந்து பார்த்துக்கணும்னு கடையைச் சீக்கிரம் மூடிட்டு ஓடி வர்றான்."

ஹனீபாவின் முகம் மாறியது. "மாஷா அல்லாஹ்! பிள்ளைன்னா அப்படில்லா இருக்கணும்! நாங்க என்னென்னமோ பேசிட்டோம் பாரு. மன்னிச்சிடு ஷேக்கு. மெதுவா இறங்கு, மெதுவா. படி இருக்கு."

சோம்பேறி மகன் ஒரே நொடியில் தங்கமான மகனாகிவிட்டான். ஷேக் நிறைந்த மனதோடு, ஆனால் மெதுவாக, படி இறங்கினார்.

அந்த மெதுவைப் பிறகு விட முடியவில்லை. மறுநாள் முதல் வீட்டுக்கு ஆள் வரத் தொடங்கியது. ஆரஞ்சு, திராட்சை, கோழி சூப்பு, ஹனீபா உம்ரா யாத்திரையிலிருந்து கொண்டுவந்து பத்திரப்படுத்தியிருந்த புனித ஜம்ஜம் தண்ணீர். வருகிறவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் சாய்ந்து படுத்திருக்க வேண்டியிருந்தது. ஒருவர் எண்ணெய்ப் பலகாரத்தை அவர் கைக்கெட்டாமல் நகர்த்தி வைத்தார். இன்னொருவர் அவர் தலைமாட்டில், சாகக் கிடப்பவர்களுக்கு ஓதுகிற யாசீனை ஓதினார். உயிரோடு, பசியோடு, நல்ல நெஞ்சோடு அதைக் கேட்டுக்கொண்டு கிடப்பது ஷேக்குக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

இக்மலுக்குச் செய்தி சுலைமான் மூலம் போனது. ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"ஏன் அத்தா என்கிட்ட சொல்லல?"

ஷேக் போர்வையை நெஞ்சு வரைக்கும் இழுத்துக்கொண்டார். எப்போதும் கேள்வி கேட்கிறவர் அவர்தான். பதில் சொல்லிப் பழக்கமில்லை.

"எப்ப இருந்து வலிக்குது? நான் கடையை மூடினதுல இருந்தா?"

"அப்படின்னு இல்ல..."

"எனக்குப் புரியுது." அவன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். அவனிடமிருந்து வறுத்த மல்லியும் இறாலும் மணத்தன. "கடைதான் உங்க உசுருன்னு தெரிஞ்சிருந்தும் செஞ்சேன். திறந்துடுறேன் அத்தா. இந்தத் திங்கக்கிழமையில இருந்து பழையபடி ராத்திரி பகலா ஓடட்டும். சுலைமான்கிட்ட சொல்லிட்டேன். ஆள் போட்டாச்சு. நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."

ஷேக் ஜெயித்துவிட்டார். கடையின் பெயர் திரும்பி வந்துவிட்டது. மகன் போன பிறகு அந்த ஜெயத்தை அனுபவிக்க எழுந்து கூடத்துக்கு வந்தார்.

அதிரா மேசையருகே நின்று கப்பலைக் கலைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. ஒவ்வொரு துண்டாக எடுத்து, பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். புகைபோக்கி போயிருந்தது. அலை மட்டும் மிச்சம் இருந்தது.

"ஏன் கலைக்கிற? இன்னும் முடியலையே?"

"அத்தா இனிமே வர மாட்டாங்கள்ல? நீங்க சாப்பிட இடம் வேணும் தாத்தா." பிறகு ஞாபகம் வந்தவள்போல, "நெஞ்சு இப்ப வலிக்குதா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்," என்றார் ஷேக். அதைச் சொல்லும்போதுதான் உண்மையிலேயே அங்கே என்னவோ அழுத்தியது. ஜம்ஜம் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார். போகவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ தொழுகைக்குப் போனார். இக்மல் கையைப் பிடித்து அழைத்துப் போனான். முதல் வரிசையில், அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள், நோயாளி உட்கார்ந்து தொழ.

ஷேக் அந்த நாற்காலியைப் பார்த்தார். நிற்க முடிந்தவன் உட்கார்ந்து தொழுதால் அந்தத் தொழுகை கூடாது. ஊரை ஏமாற்றலாம், இங்கே யாரை ஏமாற்றுவது? நாற்காலியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு நின்றார். பின்னாலிருந்து ஹனீபா, "உட்காரு ஷேக்கு, உட்காரு" என்று கிசுகிசுத்தார். அவர் திரும்பவில்லை.

தொழுகை முடிந்தது. இமாம் ஜமாத்தின் பக்கம் திரும்பினார். "நம் மூத்தவர் ஷேக் அலாவுதீன் அவர்கள் நெஞ்சு நோயால் சிரமப்படுகிறார்கள். அவர்களுடைய நோய் நீங்க எல்லாரும் கையேந்துங்கள்."

பள்ளிவாசல் நிறைய கைகள் உயர்ந்தன. அவருடைய கைகளும் பழக்கத்தில் பாதி உயர்ந்தன. அங்கேயே நின்றன. இல்லாத நோயைக் காட்டி அல்லாஹ்விடம் கையேந்துவதா? இத்தனை பேரை ஆமீன் சொல்ல வைப்பதா?

அவர் கையை இறக்கினார். எழுந்து நின்றார்.

"மன்னிக்கணும் ஹஜ்ரத். எனக்கு ஒரு நோயும் இல்ல."

ஏந்திய கைகள் ஏந்தியபடி நின்றன.

"நெஞ்சு நல்லா இருக்கு. நான்தான் பொய் சொன்னேன். கடை முழுகல. யாருக்கும் விக்கல. என் மகன் சோம்பேறியும் இல்ல. விடியறதுக்கு முன்ன எழுந்து உங்களுக்கெல்லாம் சமைக்கிறான். சமைச்சு முடிச்சிட்டு, தன் பெண்டாட்டி பிள்ளையோட உட்கார்ந்து சோறு திங்க வீட்டுக்கு வர்றான். அதுக்காகத்தான் அஸருக்குக் கடையை மூடுறோம்." மூடுறான் என்று சொல்ல வந்தவர், மூடுறோம் என்று சொல்லியிருந்தார். அதைத் திருத்திக்கொள்ளவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு வரிசை வரிசையாகப் பார்த்தார். "இதுல யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?"

இமாம் தொண்டையைச் செருமிக்கொண்டு, பொய்யிலிருந்து நம் எல்லாரையும் காக்கும்படி பொதுவாக ஒரு துஆ கேட்டார். ஆமீன் பலமாக வந்தது. ஷேக்கின் குரல்தான் எல்லாவற்றிலும் பலம்.

வெளியே படியில் ஹனீபா பிடித்துக்கொண்டார். "அப்போ என் ஜம்ஜம் தண்ணி?"

"குடிச்சாச்சு."

"நல்லவன்லா நீ! ஆரஞ்சு?"

"பேத்தி தின்னுட்டா."

"திங்கக்கிழமை எனக்கு விருந்தாள் வர்றாங்க. உன் கடைச் சோறுதான் வேணுமாம். என்னா செய்ய?"

"செவ்வாய்க்கிழமை வரச் சொல்லு," என்றார் ஷேக்.

இக்மல் காம்பவுண்டு ஓரமாக நின்றிருந்தான். அவன் கண் சிவந்திருந்தது. அத்தாவின் செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"பேசாதே," என்றார் ஷேக். "உன்னை முழுசா நம்பிட்டேன்னு நெனச்சுக்காதே. அந்தக் கடலைப் பார்த்துக்கிட்டு அவ்வளவு நேரம் ஒருத்தனால எப்படி உட்கார முடியுதுன்னு எனக்கு இன்னும் விளங்கல."

"நீங்க எப்ப பார்த்தீங்க?"

ஷேக் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார். ஜும்ஆ முடிந்த கூட்டம் சோற்றுக்குக் கடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இக்மல் பழக்கதோஷத்தில் எட்டி நடை போட்டான். பின்னாலிருந்து அவன் சட்டையை ஒரு கை பிடித்து இழுத்தது.

"எங்கடா ஓடுற? மெதுவா நட. நெஞ்சு வலிக்கலன்னுதான் சொன்னேன். வயசாகலன்னு சொன்னேனா?"